நாம் உண்ணாத இறைச்சியின் புழு

“எங்க வம்சத்திலேயே அந்த இறைச்சியைத் தொட்டவங்க கிடையாது டாக்டர்! எங்க புள்ளைக்கு எப்படி அந்தப் புழு வந்திருக்கும்?”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில், ஸ்கேன் படத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்ட கேள்வி இது. கேட்டவர் எனக்கு நெருங்கிய உறவுக்காரப் பெண்மணி. உடன் சென்றிருந்த என் மனத்திலும் அன்று அதே கேள்விதான் எழுந்தது. அவருடைய குரலில் அச்சத்தைக் காட்டிலும் அவமானமே மிகுந்திருந்தது. தம் இல்லத்தின் தூய்மை மீது யாரோ சேற்றை வாரி இறைத்துவிட்டதைப் போல அவர் துடித்துப் போனார்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓத அமர்ந்தவனின் வலக்கை தானாகவே வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது; நினைவிழந்து சாய்ந்துவிட்டான். இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் உம்மம்மா ஓடி வந்து பீரோச் சாவிக் கொத்தை அவன் கையில் திணித்தார். “யார் கண்ணு பட்டுச்சோ!” என்று அழுதார். அண்டை வீட்டார் ஜின்னின் சேட்டை என்று முடிவே கட்டிவிட்டனர். தண்ணீர் ஓதி வாங்குவதற்காகப் பள்ளிவாசல் இமாமிடம் பிள்ளையை அழைத்துப் போனார்கள். அந்த நல்ல மனிதர் ஓதிக் கொடுத்துவிட்டு, “நான் துஆச் செய்கிறேன். ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்” என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்காக அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

ஸ்கேன் படத்தில் மூளையின் இடப்பக்கத்தில், பட்டாணிக் கடலை அளவில் ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் வீக்கம். “இது பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம். மூளையில் வந்து தங்கியிருக்கிறது” என்றார் மருத்துவர். அந்தத் தாயின் கேள்விக்கு அவர் நிதானமாகப் பதிலும் சொன்னார். “அம்மா, அந்த இறைச்சியைத் தின்றவருக்கு வருவது குடலில் வாழும் நீண்ட புழு. தின்னாதவருக்கும் வரக்கூடியது மூளையில் தங்கும் இந்தக் கொப்புளம். இரண்டும் வெவ்வேறு நோய்கள். உங்கள் பிள்ளைக்கு வந்திருப்பது இரண்டாவது.”

அந்த விளக்கத்தை முழுவதும் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் தட்டைப்புழுக்கள் என்னும் விந்தையான உயிரினத்தைப் பற்றிச் சிறிது அறிந்தாக வேண்டும்.

வாயுமில்லை, வயிறுமில்லை

பெயருக்கேற்ப இவை தட்டையான உடல் கொண்டவை. இவற்றுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. மூச்சு விடுவதற்கென்று தனி உறுப்பும் கிடையாது. உயிர்க்காற்று தோலின் வழியாகவே உள்ளே கசிந்து செல்ல வேண்டியிருப்பதால், இவற்றின் உடல் தடித்தால் உட்பகுதி மூச்சுத் திணறிச் செத்துவிடும். எனவேதான் தாள் போல மெலிந்திருக்கின்றன. குளத்து நீரில் சுதந்திரமாகத் திரியும் பிளனேரியா என்னும் சிறு புழுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதைத் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப்புழுவாக வளர்ந்துவிடும்.

ஆனால் இவ்வினத்தில் பெரும்பான்மை பிற உயிர்களின் உடலுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணிகள். குர்பானி ஆட்டின் ஈரலை அறுக்கும்போது சில வேளைகளில் சிறு இலையைப் போன்ற புழு வெளிப்படுவதை நம் வீட்டுப் பெண்கள் பார்த்திருப்பார்கள். அது ஒரு வகை. எகிப்து நாட்டில் நைல் நதிக் கால்வாய்களில் இறங்கிய உழவர்களின் தோலைத் துளைத்துச் சென்று, இரத்தக் குழாய்களில் குடியேறி, சிறுநீரில் இரத்தம் போகச் செய்த பில்ஹார்சியா மற்றொரு வகை. கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில் 1851ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயரே நோய்க்கும் வழங்கலாயிற்று. அது ஒரு தனிக்கட்டுரைக்குரிய வரலாறு. நாம் பார்க்கப் போவது மூன்றாம் வகையான நாடாப்புழுக்களை.

நாடாப்புழுவுக்கு வாயே இல்லை. குடலும் இல்லை. மனிதன் உண்டு, மென்று, செரித்து வைத்த உணவில் மூழ்கிக் கிடந்து, தோலாலேயே சத்தை உறிஞ்சிக்கொள்ளும் பிராணி அது. பன்றி நாடாப்புழுவின் தலை குண்டூசித் தலையளவே இருக்கும். அதில் நான்கு உறிஞ்சிகள். உச்சியில் இரண்டு வரிசைகளாக 22 முதல் 32 வரை கொக்கிகள். இவற்றைக் கொண்டு குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. தலைக்குக் கீழே உள்ள கழுத்திலிருந்து கண்டம் கண்டமாக உடல் வளர்ந்துகொண்டே போகிறது. இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளம். எண்ணூறு ஆயிரம் கண்டங்கள். ஒவ்வொரு கண்டத்திலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே உள்ளன. முதிர்ந்த கண்டம் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் முட்டைகள் இருக்கும். அத்தகைய கண்டங்கள் சில நாள்தோறும் கழன்று, மலத்தோடு வெளியேறுகின்றன. இவ்வளவும் தன் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருப்பது பெரும்பாலும் அந்த மனிதருக்கே தெரியாது! சிறிது வயிற்று உப்புசம், சிறிது குமட்டல், அவ்வளவே.

மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவும் உண்டு. நீளத்தில் அது இதைவிடப் பெரியது. பத்து மீட்டர் வரைகூட வளரும். அதன் தலையில் கொக்கிகள் இல்லை. அதன் கண்டங்கள் தாமாகவே ஊர்ந்து வெளிவரும். பூசணி விதை போன்று வெண்மையாகத் தென்படும் இக்கண்டங்களை அரபு மருத்துவர்கள் ‘ஹப்புல் கரஃ’, அதாவது பூசணி விதை என்றே அழைத்தனர். இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலிலும் குடற்புழு வகைகளுள் அது இடம்பெற்றுள்ளது. அரைவேக்காட்டு மாட்டிறைச்சி உண்பவருக்கு அது வரும். ஆனால் அதன் முட்டைகள் மனிதனின் மூளைக்குள் புகுந்து குடியேறுவதில்லை. அந்தப் பெருந்தீங்கு பன்றி நாடாப்புழுவுக்கே உரியது.

இரண்டு வழிகள்

பன்றி நாடாப்புழுவின் இயல்பான வாழ்க்கைச் சுற்று இதுதான். புழுவைக் குடலில் சுமக்கும் மனிதன் திறந்த வெளியில் மலம் கழிக்கிறான். அதில் மேயும் பன்றி முட்டைகளை விழுங்குகிறது. முட்டைக்குள் ஆறு கொக்கிகளுடன் காத்திருக்கும் நுண்கரு பன்றியின் குடலில் வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து தசைகளை அடைகிறது. அங்கே அரிசி அல்லது பட்டாணி அளவில் நீர் நிறைந்த ஒரு பையாகத் தங்குகிறது. அந்த இறைச்சியைச் சரியாக வேகாமல் மனிதன் உண்டால், அப்பை விரிந்து அவன் குடலில் நீண்ட புழுவாகிறது. இச்சுற்றில் பன்றியை உண்ணாதவனுக்கு இடமே இல்லை.

ஆனால் முட்டை, தான் சென்று சேர்ந்த வயிறு பன்றியினுடையதா மனிதனுடையதா என்று பார்ப்பதில்லை. புழுவைச் சுமப்பவர் மலம் கழித்துவிட்டுச் சோப்பின்றிக் கழுவிய கையால் மாவு பிசைந்தாலும், சாக்கடை நீர் பாய்ந்த தோட்டத்துக் கொத்தமல்லியை நாம் கழுவாமல் கிள்ளிப் போட்டாலும், அம்முட்டை நம் வயிற்றுக்குள் வந்துவிடுகிறது. வந்தபின் பன்றியின் உடலில் செய்வதையே நம் உடலிலும் செய்கிறது. தசையில் தங்கினால் பெரும்பாலும் தொல்லையில்லை. கண்ணில் தங்கினால் பார்வை போகலாம். மூளையில் தங்கினால் வலிப்பு.

இறைச்சியைத் தின்பது புழுவைத் தரும். முட்டையை விழுங்குவதே மூளையில் கொப்புளத்தைத் தரும். முட்டையின் ஊற்றுக்கண் பன்றியன்று; புழுவைச் சுமக்கும் மனிதனே. மருத்துவரின் அந்தப் பதிலுக்கு இதுதான் பொருள். இந்தியாவில் மூளைக் கொப்புள நோயாளிகளுள் பெரும்பாலோர் பன்றி இறைச்சியை உண்ணாதவர்கள். அவர்களுள் தீவிர சைவ உணவினரும் ஏராளம்.

இன்னொரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் வரை இக்கொப்புளம் நம் உடலின் காவற்படைக்குத் தன்னை மறைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி மூளையில் கிடக்கும். அது மூப்படைந்து சாகத் தொடங்கும்போதுதான் அதன் மறைவு குலைகிறது. உடல் அப்போதுதான் எதிரியை உணர்ந்து பாய்கிறது, அந்த இடம் வீங்குகிறது, வலிப்பு வருகிறது. ஆகவே முதல் வலிப்பு என்பது பெரும்பாலும் புழு சாகும் நேரத்து அடையாளம்! சிலருக்கு அது தானாகவே கரைந்து மறைகிறது. சிலருக்குக் கடுகளவு சுண்ணாம்புப் புள்ளியாக இறுகி, வாழ்நாள் முழுதும் தங்குகிறது.

தூக்குக் கைதியும் போர்வீரர்களும்

பன்றித் தசையில் காணப்படும் இந்தக் கொப்புளங்களைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலே அறிந்திருந்தார். ஆனால் அவற்றுக்கும் மனிதக் குடலின் நீண்ட புழுவுக்கும் உள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் புலப்படவில்லை. 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெடரிக் குக்கென்மைஸ்டர் அதை நிறுவிக் காட்டினார். அவர் கையாண்ட முறைதான் நெஞ்சை உறுத்துகிறது. மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவனின் உணவில், அவன் அறியாமல், அக்கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் உடலை அறுத்துப் பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உண்மை வெளிப்பட்டது என்பது சரி. ஆனால் சாகப் போகிறவனும் மனிதன்தானே! அக்காலத்திலேயே அவரைப் பலர் கண்டித்தனர்.

நம் நாட்டில் இந்நோயின் முதற்பதிவு நம் சென்னைக்கே உரியது. 1888ஆம் ஆண்டில், வலிப்பு கண்டு சென்னையில் இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் இக்கொப்புளங்கள் காணப்பட்டன. அதன்பின் 1930களில் ஆங்கிலேய ராணுவ மருத்துவர் வில்லியம் மக்ஆர்தர், இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய போர்வீரர்கள் பலருக்குக் காரணம் தெரியாத வலிப்பு வருவதைக் கவனித்தார். வேறு நோயெனவும் மனநோயெனவும் முத்திரை குத்தப்பட்டிருந்தவர்களின் உடலில் இக்கொப்புளங்கள் இருந்தன. அத்தகைய நோயாளிகள் 450 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1961இல் வெளியாயிற்று. முட்டை உடலுக்குள் போய்ச் சில ஆண்டுகள் கழித்தே பெரும்பாலோருக்கு வலிப்பு தொடங்கியிருந்தது. சிலருக்கு முப்பது ஆண்டுகள் வரைகூட ஆகியிருந்தது.

வேலூர் தந்த வெளிச்சம்

1980களில் சி.டி. ஸ்கேன் கருவி நம் நாட்டில் பரவலானபோது ஒரு குழப்பம் ஏற்பட்டது. வலிப்புடன் வரும் இந்தியச் சிறுவர்கள், இளைஞர்கள் பலரின் மூளையில் ஒற்றை வளையம் ஒன்று தென்பட்டது. காசநோய் மலிந்த நாடாயிற்றே! மூளையில் உண்டான காசநோய்க் கட்டியே அது என்று கருதிப் பல மாதங்களுக்குக் காசநோய் மாத்திரைகளைக் கொடுத்து வந்தனர். வளையமும் நாளடைவில் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினர்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எம்.ஜே. சாண்டி, வி. ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அத்துடன் அமையவில்லை. அறுவை மூலம் அந்த வளையங்களையே எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை காசநோய்க் கட்டிகள் அல்ல; செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் கொப்புளங்கள் என்று தெரியவந்தது. 1989இல் இலண்டன் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் இதனை வெளியிட்டனர். மருந்தில்லாமலும் மறையக்கூடிய ஒன்றுக்காக எத்தனை பிள்ளைகள் மாதக்கணக்கில் கசப்பு மாத்திரைகளை விழுங்கினார்களோ! எந்த வளையம் எந்த நோயால் வந்தது என்பதை அறுவையின்றியே பெரும்பாலும் பிரித்தறிவதற்கான அளவுகோல்களையும் அவர்கள் வகுத்துத் தந்தனர்.

அதே கல்லூரியினர் அன்றைய வேலூர் மாவட்டத்தில் சுமார் ஐம்பதாயிரம் மக்களிடையே வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நால்வர் வலிப்பு நோயுடன் இருந்தனர். அவர்களுள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுவே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களைக் கொண்ட பகுதி அது என்பதை எண்ணும்போது, “நமக்கென்ன?” என்றிருக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இப்புழு பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேருக்கு இதுவே காரணம்.

நியூயார்க்கில் நடந்தது

நமக்கு மிகவும் பொருந்தும் நிகழ்ச்சியொன்று அமெரிக்காவில் நடந்தது. பன்றி இறைச்சியை நம்மைப் போலவே முற்றாக விலக்கியவர்கள் யூதர்கள். நியூயார்க் நகரில், மார்க்க நெறியில் மிகக் கண்டிப்பான யூத சமூகத்தைச் சேர்ந்த நால்வருக்கு 1990, 1991ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வலிப்பு வந்தது. ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஸ்கேன் படங்களில் மூளையில் கட்டிகள். அவை பன்றி நாடாப்புழுக் கொப்புளங்கள் எனத் தெரிந்ததும் மருத்துவர்களே திகைத்தனர். குடும்பத்தினரைச் சோதித்தபோது மேலும் ஏழு பேரின் இரத்தத்தில் இப்புழுவுக்கு எதிரான அடையாளம் இருந்தது.

புலனாய்வு சமையலறையில் போய் முடிந்தது. அந்த வீடுகளில், இப்புழு மலிந்த இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்கள் வேலை செய்து வந்தனர். சோதிக்கப்பட்ட பணியாளர் அறுவருள் ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. இன்னொருவரின் இரத்தச் சோதனையும் சாதகமாக வந்தது. 1992இல் இது மருத்துவ ஏடுகளில் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் குவைத்திலும் இவ்வாறே, வெளிநாடே போகாத உள்ளூர்க் குடும்பத்தினருக்கு இந்நோய் கண்டதாக மருத்துவர்கள் எழுதினர்.

இதைப் படித்தவுடன், “வேலைக்காரியை நிறுத்திவிடு” என்று கிளம்புவோர் உண்டு. அது அறிவுடைமையும் அன்று, நீதியும் அன்று. புழுவைச் சுமப்பவரும் ஒரு நோயாளியே. தம் வயிற்றில் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. எல்லாரைக் காட்டிலும் ஆபத்தும் அவருக்கே அதிகம், ஏனெனில் அந்த முட்டைகள் அவர் விரல் வழியாகவே அவர் மூளைக்கும் போகலாம். ஒரு மலச் சோதனை, மருத்துவர் தரும் ஒரே வேளை மருந்து, புழு போய்விடும். அந்தச் செலவை வீட்டுக்காரரே ஏற்பதுதான் முறை. சமையலறையையொட்டி அவருக்கென்று கழிப்பறையும் சோப்பும் ஏற்பாடு செய்யாமல், கொல்லைப்புறத்தைக் காட்டிவிடும் வீடுகள் நம்மில் எத்தனை என்பதையும் நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் தூய்மையில் ஓட்டை எங்கே?

தண்ணீரால் சுத்தம் செய்யும் சமூகம் நாம் என்ற பெருமை நமக்கு உண்டு, நியாயமான பெருமையே. ஆனால் சுத்தம் செய்த கையை அதன்பின் எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் கேள்வி. பெருமானார் (ஸல்) அவர்கள் சுத்தம் செய்தபின் கையை மண்ணில் அல்லது சுவரில் நன்கு தேய்த்துக் கழுவியதாக அறிவிப்புகள் உள்ளன. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்து நீரில் இடக்கூடாது என்றும் அவர்கள் தடுத்துள்ளார்கள். நகம் களைவது நபிமார்களின் வழக்கம் என்பதைச் சிறு பிள்ளையும் மதரஸாவில் மனனம் செய்கிறது. அன்று மண் தேய்த்த இடத்தில் இன்று சோப்பு இருக்கிறது. வெறும் தண்ணீரைக் காட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவதை எந்த நூலும் அனுமதிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளியில் கை கழுவச் சோப்பு உண்டா என்று கேட்கும் பெற்றோரை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன்.

வலீமா விருந்துகளில் பிரியாணியுடன் வைக்கப்படும் வெங்காயத் தயிர்ப் பச்சடி, வெள்ளரி, கேரட், மேலே தூவிய மல்லித்தழை, புதினா ஆகிய யாவும் வேகாதவை. இறைச்சியை இரண்டு மணி நேரம் தம் போட்டு வேகவைக்கும் நாம், கீரைக் கட்டை ஒரு முறை நீரில் முக்கி எடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம். மண் தங்கும் வேர்ப்பகுதியை வெட்டி எறிந்து, இலைகளைப் பிரித்து, ஓடும் நீரில் மூன்று நான்கு முறை அலசினால் முட்டைகள் கழன்று போகும். தோல் சீவக்கூடியவற்றைச் சீவிவிடலாம். முட்டைகள் ஈர மண்ணில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். வழக்கமாகக் குடிநீரில் கலக்கும் குளோரினுக்கும் சாவதில்லை. கொதிக்க வைத்தால் செத்துவிடும்.

குர்பானிக் காலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயின் குடலில் வாழும் நாடாப்புழு ஒன்று உண்டு. நீளம் அரை சென்டிமீட்டர்தான். மூன்று நான்கு கண்டங்கள்தான். அதன் முட்டையை ஆடு விழுங்கினால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். மனிதன் விழுங்கினால் அவன் ஈரலில் அதே கட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, தேங்காய் அளவுக்குக்கூடப் பெருகலாம். அது உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அதைத் தெரு நாய்க்கு வீசுவதுதான் நாம் செய்யும் பெருந்தவறு. நாய்க்குப் புழு, அதன் மலத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கு முட்டை. ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவுமாறு வந்துள்ள கட்டளையை இத்துடன் இணைத்துப் பேசுவோர் உண்டு. கட்டளைக்குக் கட்டுப்பட அறிவியல் சான்று தேவையில்லை என்பதே என் கருத்து. ஆயினும் நாயின் வாயிலும் உடலிலும் இம்முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும் என்பது உண்மை.

வலிப்பு வந்தால்

வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது; தண்ணீர் புகட்டக் கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் பயன் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடங்களில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

இந்நோய்க்கு முதல் மருந்து வலிப்பை அடக்கும் மாத்திரையே. புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல், பிராசிகுவாண்டல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு காலம் என்பதை ஸ்கேன் படத்தைப் பார்த்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். கொப்புளங்கள் ஒரே நேரத்தில் சாகும்போது மூளை வீங்கும். அவ்வீக்கத்தை அடக்கும் மருந்தையும் உடன் கொடுத்தாக வேண்டும். “பூச்சி மாத்திரைதானே!” என்று மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுப்பது விபரீதத்தில் முடியலாம். பள்ளிகளில் ஆண்டுதோறும் தரப்படும் ஒற்றைக் குடற்புழு மாத்திரை வேறு புழுக்களுக்கானது. மூளையில் இருப்பதை அது குணப்படுத்தாது.

ரமலான் பிறை தெரிந்ததும் வலிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்களை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். திடீரென நிறுத்துவதே கடும் வலிப்பை வரவழைக்கும். ஸஹரிலும் இரவிலும் உட்கொள்ளும்படி வேளையை மாற்றித்தர இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். இயலாவிட்டால், நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான்.

புழுவை அதன் பிறப்பிடத்திலேயே ஒழிக்க முடியுமா? முடியும் என்று பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் காட்டியிருக்கிறார்கள். மக்களுக்குப் புழு மருந்தும் பன்றிகளுக்குத் தடுப்பூசியும் கொடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் பரவலைத் தடுத்து நிறுத்திய செய்தி 2016இல் வெளியாயிற்று. ஆஸ்திரேலிய அறிஞர்கள் உருவாக்கிய அத்தடுப்பூசி நம் ஹைதராபாத்திலேயே தயாரிக்கப்படுகிறது. எனினும் கழிப்பறையும் மூடிய சாக்கடையும் இல்லாத ஊரில் ஊசி மட்டும் என்ன செய்யும்?

மீண்டும் அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். வலிப்பு என்ற சொல் வெளியே தெரிந்தால் நாளை நிக்காஹ் பேசும்போது தடங்கலாகும் என்று வீட்டார் அதை மறைக்க முயன்றனர். பள்ளி ஆசிரியருக்குக்கூடச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கு வலிப்பு வருவதாக வெளிப்படையாகச் சொல்லி துஆக் கேட்ட பெண்மணியைப் பற்றி அந்த இமாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பொறுத்துக்கொண்டால் சுவனம் என்று நபியவர்கள் கூற, அப்பெண் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு வேண்டினார். அவரைச் சுவனத்துப் பெண்மணி என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) மக்களுக்கு அடையாளம் காட்டினார்கள். மறைக்கப்பட வேண்டியவராக அவரை யாரும் கருதவில்லை. மறுநாளே பிள்ளையின் வாப்பா பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் வளையம் மறைந்து, கடுகளவு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது. புள்ளி இருக்கும்வரை அவசரப்பட வேண்டாமென்று மருத்துவர் மாத்திரையை மேலும் இரண்டாண்டுகள் நீட்டித்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் வலிப்பு வரவில்லை. அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்று அவனுடைய உம்மா பலமுறை கேட்டுப் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் விற்ற வெள்ளரித் துண்டா, ஏதோ ஒரு ஓட்டலின் சட்னியா, விருந்து வீட்டுப் பச்சடியா? “தேடாதீர்கள் அம்மா. அது உள்ளே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்” என்றுதான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.